செவிலியர் சான்றிதழ்ப் படிப்பில் சேருமுன்: செலவையும் சம்பளத்தையும் கணக்குப் பார்க்கும் முறை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே ஆலங்குளம், அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிடுகிறார்கள். கையில் நர்சிங் பள்ளிகளின் வண்ண நோட்டீஸ்கள். பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: "சிஸ்டர், எதில் பீஸ் குறைவு?"

அந்தக் கேள்வியில் தொடங்கினால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். படிப்பு முடிந்த பிறகு எந்தப் பெயரில் பதிவு கிடைக்கும், அந்தப் பதிவுக்கு நெல்லையில் எவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பீஸ் குறைவா அதிகமா என்று சொல்லவே முடியும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். முன்படியில் கிடைக்கும் எண் பின்படிக்குத் தேவைப்படும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பிள்ளையின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவராக இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்னரே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவியும். அந்த ஒரு தாள் தாமதமானால் உதவித்தொகை விண்ணப்பமும் கூடவே தாமதமாகும்.

வீட்டில் பீடி சுற்றுபவர் இருந்தால் அவருடைய பீடித் தொழிலாளர் அடையாள அட்டையையும் எடுத்துவையுங்கள். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் அட்டை இருக்கும். அதைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

2. எந்தப் பதிவு கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள்

நோட்டீஸில் "நர்சிங்" என்ற சொல் பெரிதாக இருக்கும். அதன் கீழே நான்கு விதமான படிப்புகள் ஒளிந்திருக்கலாம்.

ஏ.என்.எம். (துணைச் செவிலியர், பேறுகாலப் பணிப் படிப்பு): இரண்டு ஆண்டு. கடைசி ஆறு மாதம் பயிற்சிப் பணி. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். வயது 17 முதல் 35 வரை. பெண்களுக்கு மட்டும்.

ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், பேறுகாலப் பணிப் படிப்பு): மூன்று ஆண்டுப் பட்டயம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் 40 சதவீதம் வேண்டும். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்களும் இதில் சேரலாம். ஆனால் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பி.எஸ்சி. நர்சிங்: நான்கு ஆண்டுப் பட்டம். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

நான்காவதுதான் சிக்கலானது. "நர்சிங் அசிஸ்டன்ட்", "டிப்ளமோ இன் நர்சிங் எய்டு", "ஹெல்த் அசிஸ்டன்ட்", சில இடங்களில் "பிராக்டிகல் நர்சிங்" என்ற பெயர்களில் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு நடத்தப்படும் சான்றிதழ்ப் படிப்புகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பிராக்டிகல் நர்ஸ் என்பவர் தேர்வெழுதி உரிமம் பெற்றுப் பணிபுரிகிறவர். இங்கே அதே பெயரில் ஓராண்டுச் சான்றிதழ் வாங்கினால் அந்த உரிமம் வருவதில்லை; தமிழ்நாட்டிலும் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது.

முதல் மூன்றில் ஏதாவது ஒன்றை முடித்தவர்களைத்தான் சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் குழுமம், எல்லோரும் சொல்லும் பெயரில் நர்சிங் கவுன்சில், தன் பதிவேட்டில் சேர்க்கிறது. அந்தப் பதிவு எண் இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் மருத்துவமனையில் எத்தனை ஆண்டு அனுபவம் சேர்ந்தாலும் உதவியாளர் என்ற இடத்தைத் தாண்டுவது கடினம்.

ஆகவே செய்ய வேண்டியது: கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலைத் திறந்து, பள்ளியின் பெயர், ஊர், படிப்பு மூன்றும் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். ஜி.என்.எம். நடத்த அனுமதி பெற்ற நிறுவனம் அதே கட்டடத்தில் அனுமதியில்லாத ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பையும் நடத்தலாம். பிள்ளை எந்த வகுப்பில் சேர்கிறாள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற வரியை நம்பிவிடுவது. அறக்கட்டளைப் பதிவும் அரசுப் பதிவுதான். சிறுதொழில் பதிவும் அரசுப் பதிவுதான். "முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் எந்தப் பதிவேட்டில் பெயர் வரும்?" என்று நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் நோட்டில் அந்தப் பள்ளியின் பெயரை அடித்துவிடலாம்.

3. சம்பளத்தை மருத்துவமனை வாசலில் விசாரியுங்கள்

பள்ளி அலுவலகத்தில் சொல்லும் சம்பளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர்கள் சொல்வது சென்னையிலோ வளைகுடாவிலோ யாரோ ஒரு பழைய மாணவி வாங்கும் சம்பளமாக இருக்கும்.

வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்டு பகுதிகளில் மருத்துவமனைகள் நெருக்கமாக இருக்கின்றன. காலைப் பணி மாறும் நேரத்திலும் மதியம் பணி மாறும் நேரத்திலும் வாசலில் நின்றால் வேலை முடிந்து வரும் சிஸ்டர்களைப் பார்க்கலாம். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து கேளுங்கள். "தங்கச்சி இந்தப் படிப்பில் சேரப் போகிறாள், உங்களிடம் விசாரிக்கச் சொன்னார்கள்" என்றால் பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்வார்கள். தென்காசியிலோ வள்ளியூரிலோ வேலை பார்க்கத் திட்டம் என்றால் அங்கேயும் ஒரு நாள் போய்க் கேளுங்கள். சிறிய ஊரில் சம்பளம் குறையும், போக்குவரத்துச் செலவும் கூடவே குறையும்.

கேட்க வேண்டியவை இவை: மாதம் கையில் வருவது எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? இரவுப் பணி மாதத்தில் எத்தனை? வேலைக்குச் சேரும்போது எத்தனை மாதம் பயிற்சியாளர் என்று வைத்தார்கள்? அடையாள அட்டையில் என்ன பதவி எழுதியிருக்கிறது?

கடைசிக் கேள்வி முக்கியம். ஏ.என்.எம். முடித்துப் பதிவு எண் வைத்திருப்பவரின் அட்டையிலும் சில இடங்களில் "அசிஸ்டன்ட்" என்றே இருக்கும். அப்படியானால் அந்த மருத்துவமனை இரண்டு ஆண்டுப் படிப்புக்கும் ஓராண்டுச் சான்றிதழுக்கும் ஒரே சம்பளம் தருகிறது என்று பொருள். இதை முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் வேறு என்பதை ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் மனதில் பதியும். ஒரு ஏ.என்.எம். சிஸ்டர் தன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டை விரித்துக் காட்டினார். மொத்தம் 11,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 8,000. அதில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்கு 960. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 83 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்குமாக 1,500. கைக்கு வந்தது 8,457. வைப்பு நிதிப் பணம் பிற்பாடு அவருக்கே வரும், இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கே மருத்துவம் தரும்; இரண்டும் நல்ல பிடித்தங்கள். ஆனால் கடன் தவணை கட்ட உதவுவது அந்த 8,457 மட்டும்தான். நோட்டில் அந்த வகை எண்ணைத்தான் எழுத வேண்டும்.

இவை எதுவும் பிடிக்காமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறோம் என்று சொல்லும் இடத்தைச் சலுகையாக நினைக்காதீர்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் வைப்பு நிதி கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புக்குள் வருகின்றன. அந்த அறிவிப்பைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்பிடலாம்.

அரசுப் பக்கத்து எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளில் அண்மை ஆண்டுகளில் ஏ.என்.எம். தகுதிக்கு மாதம் 14,000 ரூபாயும், ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்த செவிலியருக்கு 18,000 ரூபாயும் தொகுப்பூதியமாகக் குறிப்பிடப்படுகின்றன. கிராம சுகாதாரச் செவிலியர் நிரந்தரப் பணிக்கு ஊதிய நிலை 19,500 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. 2023 அக்டோபரில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அப்படி ஒரு அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. எனவே அந்த எண்ணைக் கணக்கின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் தனியாக எழுதுங்கள்.

2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும் என்றது. பரிந்துரை நியாயமானது. அது முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் பிள்ளையின் கணக்கைப் பரிந்துரையை வைத்துப் போட முடியாது; வாசலில் கேட்ட எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

4. கட்டணத் தாளில் இல்லாத செலவுகளை எழுதுங்கள்

இப்போதுதான் பள்ளி அலுவலகத்துக்குள் போக வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்: சேர்க்கைக் கட்டணம், சீருடை எத்தனை செட், வெள்ளை ஷூ, தொப்பி, பெல்ட், பாடப்புத்தகம், ரெக்கார்டு நோட்டுகள், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், தடுப்பூசி, கல்விச் சுற்றுலா, கடைசியில் கவுன்சில் பதிவுக் கட்டணம். சீருடையை வெளியில் தைக்கலாமா, அங்கேதான் வாங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இவை தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைகள். கூட்டினால் ஒரு பருவத்துக் கட்டணம் அளவுக்கு வந்து நிற்கும்.

போக்குவரத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. ஆனால் ஆலங்குளத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வர வேண்டுமென்றால் புறநகர்ப் பேருந்துதான். அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதோடு, வகுப்பு நடக்கும் இடம் ஒன்று, மருத்துவமனைப் பயிற்சி நடக்கும் இடம் இன்னொன்று. கிராமப்புறப் பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேறெங்கோ இருக்கும். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டுமென்றால் ஊரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் விடுதி கட்டாயமாகிவிடும். அப்போது மொத்தச் செலவே மாறிவிடும்.

விடுதி தேவையென்றால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இடம் கேட்டுப் பாருங்கள். தங்குமிடமும் உணவும் இலவசம். இடம் குறைவு என்பதால் சேர்க்கை நடக்கும் முதல் வாரத்திலேயே போக வேண்டும்.

பயிற்சி எந்த மருத்துவமனையில் என்பதையும் கேளுங்கள். இது செலவுக் கேள்வி மாதிரித் தெரியாது. ஆனால் சம்பளத்தைத் தொடும் கேள்வி. பிரசவம் அதிகம் நடக்காத இடத்தில் பயிற்சி பெற்ற ஏ.என்.எம். பிள்ளை நேர்காணலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணி எழுதச் சொன்னால் கை நடுங்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சி கொடுக்காமலே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

5. படிக்கும் காலத்தில் வராமல் போகும் வருமானம்

இதை எழுதாமல் விடுபவர்களே அதிகம். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஜவுளிக் கடைக்கோ பீடிக்கோ போய் மாதம் 6,000 ரூபாய் சம்பாதிக்கிறாள் என்றால், இரண்டு ஆண்டுப் படிப்பில் 1,44,000 ரூபாய் வீட்டுக்கு வராது. அதுவும் படிப்பின் செலவுதான்.

வேறு வேலைக்குப் போகும் எண்ணமே இல்லை, வீட்டில்தான் இருப்பாள் என்றால் இந்த இடத்தில் பூஜ்யம் எழுதுங்கள். இந்த ஒரு வரி கணக்கை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பது ஏழாவது படியில் தெரியும்.

6. உதவித்தொகையைக் கழியுங்கள், கடனைக் கழிக்காதீர்கள்

உதவித்தொகை திரும்பக் கட்ட வேண்டியதில்லை, எனவே செலவிலிருந்து கழிக்கலாம். கடன் திரும்பக் கட்ட வேண்டியது. "லோன் கிடைத்துவிட்டது, செலவு இல்லை" என்ற பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அங்கேதான் கணக்கு விழுகிறது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் 2024 முதல் இது விரிவாக்கப்பட்டது. சேரப்போகும் நிறுவனம் இத்திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காமல் போகலாம். சேரும் முன்பே எந்த ஒதுக்கீடு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக வழங்கப்படுகிறது. அதற்குத்தான் முன்பு சொன்ன அட்டை.

கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை பொதுவாக ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 1,20,000 ரூபாய்க் கடன், 11 சதவீத வட்டி, இரண்டு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு அவகாசம் என்று வைத்தால் மூன்று ஆண்டில் தனி வட்டியே 39,600 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 1,59,600 ஆகியிருக்கும். ஐந்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 3,470 ரூபாய்.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அவகாசக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. செவிலியர் படிப்புக்கு அது கிடைக்க வேண்டுமென்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் வேண்டும். இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தவர்கள் வங்கியில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

7. கணக்கைப் போடுங்கள்

கீழே உள்ள எண்கள் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு. உங்கள் நோட்டில் நீங்கள் விசாரித்த எண்களைப் போட வேண்டும். ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்; படிக்காவிட்டால் மாதம் 6,000 சம்பாதிப்பாள்; வேலைக்குப் போய்வர மாதம் 1,500 ஆகும்.

ஓராண்டு உதவியாளர் சான்றிதழ்: கட்டணம் 35,000, பஸ்ஸும் சாப்பாடும் 21,600, சீருடை, புத்தகம் 6,000. கைச்செலவு 62,600. வராமல் போன வருமானம் 72,000. மொத்தம் 1,34,600. வேலையில் கைக்கு 7,500 வருகிறது என்றால் பஸ் செலவு போக 6,000. படிக்காமலே அதே 6,000 வந்துகொண்டிருந்தது. போட்ட பணம் திரும்பவே திரும்பாது.

ஏ.என்.எம்., தனியார் பள்ளி: இரண்டு ஆண்டுக் கட்டணம் 90,000, பஸ்ஸும் சாப்பாடும் 43,200, சீருடை, புத்தகம் 12,000, தேர்வு, பதிவு 6,000, பயிற்சிக்குப் போய்வர 6,000. கைச்செலவு 1,57,200. வராத வருமானம் 1,44,000. மொத்தம் 3,01,200. தனியாரில் கைக்கு 9,500 என்றால் பஸ் போக 8,000. முன்பைவிட 2,000 கூடுதல். 3,01,200ஐ 2,000ஆல் வகுத்தால் 150 மாதம், அதாவது பன்னிரண்டரை ஆண்டு. அதே பிள்ளைக்கு 14,000 ரூபாய் அரசு ஒப்பந்தப் பணி கிடைத்தால் கூடுதல் 6,500. நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

ஜி.என்.எம்., தனியார் பள்ளி: மூன்று ஆண்டுக் கட்டணம் 2,10,000, பஸ்ஸும் சாப்பாடும் 64,800, சீருடை, புத்தகம் 18,000, தேர்வு, பதிவு 10,000, பயிற்சிப் போக்குவரத்து 9,000. கைச்செலவு 3,11,800. வராத வருமானம் 2,16,000. மொத்தம் 5,27,800. கைக்கு 15,000 என்றால் பஸ் போக 13,500, கூடுதல் 7,500. சுமார் 70 மாதம், ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

பாருங்கள், கட்டணம் அதிகமான படிப்பு ஏ.என்.எம்.ஐவிட பாதிக் காலத்தில் பணத்தைத் திருப்பித் தருகிறது. பீஸ் எதில் குறைவு என்று மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இப்போது ஐந்தாவது படியில் பூஜ்யம் எழுதிய பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.என்.எம். கைச்செலவு 1,57,200, வேலையில் மிஞ்சுவது மாதம் 8,000. இருபது மாதத்தில் திரும்பிவிடும். படிப்பு அதேதான், பள்ளி அதேதான். ஒருத்திக்குப் பன்னிரண்டரை ஆண்டு, இன்னொருத்திக்கு இருபது மாதம். அதனால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை சேர்ந்தாள் என்பதற்காகச் சேர வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கடன் இருந்தால் இன்னொரு வரியும் போட வேண்டும். மாதம் மிஞ்சும் 8,000இல் 3,470 தவணைக்குப் போனால் கையில் 4,530. அதில் குடும்பம் நடக்குமா? இந்தக் கேள்வியைப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

8. எது யாருக்குப் பொருந்தும்

அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் இருந்தால் தனியார் பள்ளியின் பக்கமே போகாமல் முதலில் அரசு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். நெல்லை மருத்துவக் கல்லூரியை ஒட்டிய செவிலியர் பள்ளியிலும் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பெண்களுக்கான ஜி.என்.எம். இடங்கள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு, பயிற்சி நிறைவானது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிப்பைக் கவனியுங்கள். அரசுப் பட்டியல் வெளியாவதற்குள் தனியாரில் முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெற அலைவது ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது.

கலைப்பிரிவில் படித்தவர், முப்பது வயதைத் தொட்டவர், கணவனை இழந்து குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்தவர்: இவர்களுக்கு ஏ.என்.எம். நல்ல வழி. 35 வயது வரை சேரலாம், இரண்டே ஆண்டு, ஊர்ப்பக்கத்து மருத்துவமனையிலேயே வேலை, கிராம சுகாதாரச் செவிலியர் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கும் தகுதி. சம்பளம் சிறிதாக இருந்தாலும் சொந்தக் காலில் நிற்கும் வருமானம் அது.

உடனே வேலை வேண்டும், படிக்க ஓராண்டும் ஒதுக்க முடியாது என்றால் பணம் கட்டி ஓராண்டுச் சான்றிதழ் வாங்க வேண்டாம். மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்க உதவும் பொதுப்பணி உதவியாளர் பயிற்சியை அரசுத் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் சில மாதங்களில் இலவசமாகத் தருகின்றன. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்திலும், ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் திட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். உதவியாளர் வேலைக்கு அது போதும். முப்பத்தைந்தாயிரம் மிச்சம்.

9. பணம் கட்டும் நாள்

முழுத்தொகையையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். புரோக்கர் கையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பள்ளியின் வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீதில் படிப்பின் பெயர் ஏ.என்.எம். என்றோ ஜி.என்.எம். என்றோ தெளிவாக இருக்க வேண்டும். "நர்சிங் கோர்ஸ்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுக்கலாம். திரும்ப வாங்கிவிட வேண்டும். வைத்துக்கொள்வோம் என்றால் எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாதியில் நிற்க நேர்ந்தால் மீதிக் கட்டணத்துக்காகச் சான்றிதழை மறிப்பது பிள்ளையின் அடுத்த வழியையும் அடைப்பதாகும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

"படித்து முடித்ததும் எங்கள் மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டு வேலை" என்று கையெழுத்துக் கேட்டால், அந்த இரண்டு ஆண்டுக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

10. படிப்பு முடிந்ததும் முதலில் பதிவு

தேர்வு முடிவு வந்ததும் கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பயிற்சியாளர் சம்பளத்தில்தான் வேலை பார்க்க நேரும். பெயரின் எழுத்து, தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். ஒரு இனிஷியல் மாறினாலும் திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

செங்கோட்டை, நாகர்கோவில் வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குப் போக நினைப்பவர்கள் அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டணத்தையும் நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

வளைகுடா நாடுகளில் பதிவுபெற்ற செவிலியர் வேலைக்கு ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி., அதன்மேல் மருத்துவமனை அனுபவம், அந்தந்த நாட்டுத் தகுதித் தேர்வு என்று வரிசையாகக் கேட்பார்கள். ஏ.என்.எம்.ஐ அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எனவே "படித்ததும் துபாய்" என்ற பேச்சை நம்பி ஏ.என்.எம். கட்டணத்தைக் கட்ட வேண்டாம். ஜி.என்.எம். முடித்து அனுபவமும் சேர்ந்த பிறகு போக விரும்பினால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். தனியார் முகவர் வழியாகப் போவதென்றால் அவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான்; அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.